அன்லிமிடெட்டுக்கு வந்த சிபாரிசுக் கடிதங்கள்

நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கித்தனம். பிச்சாட்டூர் பக்கத்தில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவள். ஒரு கடிதம் எழுதினால்கூட நலம் விசாரித்ததற்கு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த மாதத்தோடு வேலையை விட்டுச் சித்தூருக்குப் போகிறேன் என்றதும், நம் டெஸ்க் பிள்ளைகள், "அக்கா, புதுசா கம்ப்ளெயின்ட் போன் எடுக்க வர்றவங்களுக்கு ஏதாவது சொல்லிட்டுப் போங்க" என்றார்கள். எல்லார் முன்னாலும் நின்று பேசச் சொன்னால் அன்றைக்கே ராஜினாமா செய்திருப்பேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காக எழுதுகிறேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனுஷர்களோடு பேசக் கூச்சப்படுகிற ஒருத்தியைக் கம்ப்ளெயின்ட் போனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தவர் முனிரத்தினம் சார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் சந்தில், மாடியில் அவருடைய சின்ன இன்டர்நெட் கம்பெனி இருந்தது. இன்டர்வியூவில் நான் தலையைத் தூக்கவில்லை. "நீ எதிர்த்துப் பேசமாட்டே. எனக்கு அதான் வேணும்" என்று வேலை கொடுத்தார். அவர், மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கர், நான். மொத்தக் கம்பெனியும் அவ்வளவுதான்.

நீங்கள் எல்லாம் ஃபைபர் காலத்துப் பிள்ளைகள். அந்தக் கால நெட் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அப்போது வீட்டு டெலிபோன் வழியாகத்தான் நெட். கம்ப்யூட்டர் எங்களுக்கு போன் போடும், நாங்கள் எடுப்போம், நெட் வரும். எங்களிடம் முப்பது லைன் இருந்தது. கஸ்டமர்கள் சில நூறு பேர். ஒரே நேரத்தில் முப்பது பேர்தான் உள்ளே இருக்க முடியும். அடுத்த ஆளுக்கு எங்கேஜ்டு சத்தம்தான்.

கல்யாண மண்டபத்தில் பாத்ரூம் கொஞ்சம்தானே இருக்கும்? ஒருத்தர் வந்தால் ஒருத்தர் போவார், சமாளித்துவிடலாம். எங்கள் பிழைப்பும் அப்படித்தான் ஓடியது. மணிக்கணக்கில் நெட் விற்றோம். மணிக்குக் காசு என்பதால் ஜனங்கள் கடிதத்தை முதலிலேயே டைப் அடித்து வைத்துக்கொண்டு, உள்ளே ஓடிப்போய் அனுப்பிவிட்டு, வெளியே ஓடி வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் ஹைதராபாத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி வந்தது. ஊரில் இருந்த ஆட்டோக்களின் முதுகில் எல்லாம் அவர்கள் விளம்பரம்: மாதம் ஒரே கட்டணம், எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும். அந்த வாரம் சார் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். எங்களுக்கு லட்டு கொடுத்துவிட்டு, "நாமளும் அன்லிமிடெட் போடறோம்" என்றார். மொட்டைத் தலையோடு சொன்னதால் ஏதோ உத்தரவு வாங்கி வந்த மாதிரி இருந்தது.

பாஸ்கர் மட்டும் கேட்டான். "சார், எல்லாரும் உள்ள பூந்துக்கினு வெளிய வரலன்னா இன்னா பண்றது?"

"ஹோட்டல்ல அன்லிமிடெட் மீல்ஸ் போடறான் இல்லப்பா? ஒருத்தன் எவ்ளோ தின்னுடுவான்? மூணாவது தடவை சோறு வந்தா இலைமேல கையை வெச்சு மறைச்சிக்குவான்."

"துன்றவனுக்கு வயிறு கீது சார். கம்ப்யூட்டருக்கு ஏது வயிறு?"

"போன் பில்லு இருக்கே, அதான் வயிறு. நம்ம காசு வேற, போன் பில்லு வேற. அது ஏற ஏற அவனே வெச்சிடுவான்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். முதல் நாள் சேர்ந்தவர்களின் விலாசங்களைப் பார்த்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லாம் குவார்ட்டர்ஸ். அந்த ஆபீஸ் குவார்ட்டர்ஸ், இந்த ஆபீஸ் குவார்ட்டர்ஸ், காலேஜ் குவார்ட்டர்ஸ். திருப்பதி அதிகாரிகள் நிறைந்த ஊர். வீட்டு போன் பில்லை ஆபீஸ் கட்டுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். சொந்த போன் பில் கட்டுகிற ஆள் மணிக்கணக்குத் திட்டத்திலேயே இருந்துவிட்டான். பில்லைப் பற்றிக் கவலையே இல்லாதவர்கள் மட்டும் பொறுக்கி எடுத்த மாதிரி அன்லிமிடெட்டுக்கு வந்தார்கள். இதை பாஸ்கர் பத்து நாள் கழித்துச் சொன்னான்: "சார் சொன்ன வயிறு ஆபீஸ் வயிறு. அது எங்க நெறயப் போவுது?"

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அது போல ஆகிவிட்டது. காலையில் ஒரு தடவை லைன் கிடைத்தால் அதை விடுவதே இல்லை. விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயம். குளிக்கப் போவார்கள், ஆபீஸ் போவார்கள், மத்தியானம் தூங்குவார்கள். லைன் மட்டும் போட்டது போட்டபடி இருக்கும்.

கொஞ்ச நேரம் யாரும் எதையும் தொடவில்லை என்றால் லைன் தானாகவே கட் ஆகும்படி பாஸ்கர் செய்துவைத்தான். அடுத்த நாள் ஒரு அம்மாவிடமிருந்து போன். குசுகுசுவென்று பேசினார்.

"நெட்டு ஆபீஸா? எம் மருமவன் ஆபீஸ் போம்போது இந்த மவுஸ அப்பப்ப ஆட்டிக்கினே இருங்கன்னு சொல்ட்டுப் போனாருமா. பால் பொங்குதேன்னு அடுப்படிக்குப் போனேன். வந்து பாத்தா எல்லாம் நின்னுபோய்க்கீது. நீயே அங்கேந்து கொஞ்சம் போட்டு வுட்டுடேன்."

"இங்கேந்து போட முடியாதுங்க."

"அப்ப அவரு வந்து கேட்டா, கரெண்டு போச்சுன்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க" என்றேன். கூச்சக்காரர்கள் அடுத்தவர் பொய்க்குச் சீக்கிரம் துணை போவார்கள். இந்த டெஸ்கில் உட்காருகிறவர்கள் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மாமியார்களைக் காவல் வைக்கிற அளவுக்குப் போய்விட்டதால், காசு கொடுத்து மணிக்கணக்கில் வாங்குகிற பழைய கஸ்டமர்களுக்கு லைனே கிடைக்கவில்லை. அவர்களில் முக்கியமானவர்கள் பிரௌசிங் சென்டர்காரர்கள். எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது அவர்கள்தான். அவர்கள் சார்பில் பேசுகிறவள் கோமளா. ஏர்பேட்டில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துக் கடை நடத்தினாள். அவள் போன் செய்தால் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துக்கொள்வேன்.

"எஸ்தரு, உங்க சாரு நெட்டு நடத்றாரா, சத்திரம் நடத்றாரா? படுத்தவன் எவனும் எழுந்திருக்க மாட்டேன்றான்."

"சார்கிட்ட சொல்றேன்க்கா."

"நீ சொல்லுவே. அவரு மொட்டையத் தடவிக்குவாரு. இத்தயும் சேத்து சொல்லு. இன்டர் பரீட்ச ரிசல்ட்டு வரப்போவுது. ஏர்பேட்டு சுத்துப்பட்டுல இருக்கிற பசங்க அம்மாம் பேரும் எங்கடைக்குத்தான் வரும். அன்னிக்கு எனக்கு லைன் கெடைக்கல, அடுத்த நாளே நானு, ரேணிகுண்டாகாரரு, புத்தூருகாரரு எல்லாம் ஒண்ணா ஐதராபாத் கம்பெனிக்குப் பூடுவோம். அப்புறம் குவார்ட்டர்ஸ்காரனுங்கள வெச்சிக்கினு கூத்தடிங்க."

சாரிடம் அப்படியே சொன்னேன். மொட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் மொட்டையைத் தடவிக்கொண்டார். சென்டர்காரர்கள் போனால் கம்பெனி அந்த மாதமே மூடல் என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவருக்காவது வேறு வியாபாரம் இருந்தது. எனக்கு ஊருக்குத் திரும்பினால் கரும்பு வெட்டுதான்.

மறுநாள் சார் ஒரு யோசனையோடு வந்தார். "மலையில எவ்ளோ ஜனம் வருது. டைம் போட்டு டோக்கன் குடுத்துட்டா அவங்கவங்க நேரத்துக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. நாமளும் டோக்கன் போட்டுடலாம். அன்லிமிடெட் ஆளுங்களுக்குக் காலைல ஒரு பேட்ச், மத்தியானம் ஒரு பேட்ச், சாயங்காலம் ஒரு பேட்ச்."

ரோஸ் கலரில் சீட்டு அச்சடித்தோம். சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து போன் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர்கூடச் சண்டைக்கு வரவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு டோக்கன் என்றால் அவ்வளவு மரியாதை. மாடிப்படியில் தாங்களாகவே வரிசையாக நின்று வாங்கிப்போனார்கள். ஒருத்தர் ஐ.டி. கார்டு ஜெராக்ஸ் கொண்டுவந்திருந்தார். ஒருத்தர், "கால் மணி முன்னாடியே ரிப்போர்ட் பண்ணணுமா?" என்று கேட்டார். இன்னொருத்தர் டோக்கனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "லட்டு உண்டா?" என்றார். அவர் விளையாட்டுக்குக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. கோமளாகூட போனில் திட்டாமல் பேசினாள். மூன்றாம் நாள் முதல் கடிதம் வந்தது.

டோக்கனை மதிக்கிற ஊருக்கு, டோக்கனைத் தாண்டிப் போகும் வழியும் தெரியும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் அன்லிமிடெட் கஸ்டமரான ஒரு சூப்பரின்டென்டென்ட் லெட்டர்பேட் கடிதத்தோடு படியேறி வந்தார். பெரிய இடத்துக் கடிதம். அங்கே இருந்த பி.ஏ., மலைக்கு எழுதி எழுதிப் பழகிய கையோடு எழுதியிருந்தார்: "இக்கடிதம் கொண்டு வருபவர் எமக்கு மிகவும் வேண்டியவர். இவருக்கும் குடும்பத்தார் நால்வருக்கும் இன்டர்நெட் தரிசனம் செய்துவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

சார் லெட்டர்பேடைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர். அவரே எப்போதும் சிபாரிசில்தான் மலையேறுவார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? "மலையில வரிசை இல்லாம உள்ள விடறாங்க இல்ல, அந்த மாதிரி வி.ஐ.பி. பிரேக் போட்டுக் குடுத்துடு பாஸ்கர்" என்றார். சூப்பரின்டென்டென்டுக்கு நாள் முழுக்க லைன்.

அதற்குப் பிறகு தினமும் நாலைந்து கடிதம். ஒரு டாக்டர் எழுதினார். ஒரு சாமியார் மடத்திலிருந்து வந்தது. ஒரு பஸ் டெப்போ ஆள், டெப்போ மேனேஜரின் மச்சான் எழுதியது என்று ஒன்றைக் கொண்டுவந்தார். சார் அதையும் ஒத்துக்கொண்டார். ரிசல்ட் நெருங்கியபோது எங்கள் அன்லிமிடெட் கஸ்டமர்கள் எல்லாருமே வி.ஐ.பி. ஆகிவிட்டார்கள். பொது வரிசையில் மிச்சம் இருந்தவர் ஒரு டிராயிங் மாஸ்டர். ஊரில் அவருக்கு யாரையும் தெரியாது. தன் நேரத்துக்குச் சரியாக உள்ளே வந்து, நேரம் முடியும்போது சரியாக வெளியே போய்விடுவார்.

"பாவம், இவருக்கு நாமளே ஒரு லெட்டர் எழுதிடலாமா?" என்றான் பாஸ்கர்.

ரிசல்ட் நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு நெட்டில் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்தே முப்பது லைனும் நிறைந்துவிட்டது. வி.ஐ.பி.க்கள் வீட்டுப் பிள்ளைகளும்தானே பரீட்சை எழுதியிருப்பார்கள், மூன்று மணிக்காகக் காலையிலேயே துண்டைப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்குக் கோமளா கூப்பிட்டாள். ரிசீவரைத் தள்ளிப் பிடித்தேன். குரலே கேட்கவில்லை. கிட்டத்தில் வைத்தேன்.

"எஸ்தரு, கடை வாசல்ல பசங்க வந்து நின்னுக்கினு கீதுங்க. சில பேரு அப்பா அம்மாவையும் கூட்டியாந்துட்டாங்க. ரெண்டு மெஷினும் சும்மாத்தான் கீது. ஏதாவது பண்ணும்மா."

அவள் திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம். இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்தார், உட்கார்ந்தார். கடிதங்களை வைத்திருந்த டிராயரைத் திறந்து பார்த்து மூடினார். அந்த லெட்டர்பேடுகளை எல்லாம் ஒரே நாளில் பகைத்துக்கொள்வது என்றால் சும்மாவா? ஆனால் ஏர்பேட்டிலும் புத்தூரிலும் வாசலில் நின்றுகொண்டிருந்த பிள்ளைகளுக்கு வீட்டில் போனும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

"அன்லிமிடெட் எல்லாத்தையும் கட் பண்ணு பாஸ்கர். சாயங்காலம் ஏழு வரைக்கும் திரும்ப உள்ள வர முடியாதபடி பூட்டிடு" என்றார். பிறகு என் பக்கம் பார்க்காமல், "போன் வந்தா எஸ்தர் பேசும்" என்றார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடலாமா சார்?" என்றேன்.

பாஸ்கர் சிரித்தான். "எப்படி சொல்லுவ? எல்லார் போனும் நம்ம நெட்லதான கீது. எங்கேஜ்டுதான் வரும்."

நிஜம்தான். அவர்களோடு பேச ஒரே வழி அவர்களைக் கட் பண்ணுவது. கட் பண்ணினால் அவர்களே கூப்பிட்டுவிடுவார்கள்.

பாஸ்கர் வரிசையாகக் கட் பண்ணிக்கொண்டே வந்தான். அவன் பாதி முடிப்பதற்குள் போன் அடித்தது. சூப்பரின்டென்டென்ட். தெலுங்கில்தான் கத்தினார். "நான் யாருன்னு தெரியுமா? லெட்டர் குடுத்த ஆளு. எனக்கே கட் பண்றீங்களா?"

 என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்து வைக்கவில்லை. நான் மலைக்குப் போனதில்லை, எங்கள் குடும்பம் சர்ச் குடும்பம். ஆனால் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு மைக். அது நாள் முழுக்கச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

"இன்று விசேஷ தினம். பக்தர்கள் கூட்டம் அதிகமாக உள்ளதால் சிபாரிசுக் கடிதங்கள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. பொது தரிசனம் மட்டுமே."

தெலுங்கில், மைக்கில் வருகிற அதே ராகத்தில் சொல்லிவிட்டேன். பக்தர்கள் என்பதைக்கூட மாற்றவில்லை.  என் வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்படியா?" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "யாருதும் எடுக்கறதில்லையா?"

"யாருதும் இல்ல சார்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"ஏழு மணி வரைக்கும் சார்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்தவரிடமும் அதையே சொன்னேன். அவரும் "சரிம்மா" என்றார். அதற்கடுத்த அம்மா, "கூட்டம் ரொம்பவா?" என்று அனுதாபத்தோடு விசாரித்தார். இவர்கள் எல்லாம் ஒரு தடவையாவது விசேஷ நாளில் சட்டைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு மலையிலிருந்து தரிசனம் கிடைக்காமல் திரும்பி வந்தவர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் இல்லை என்றால் அவர்களுக்குக் கோபமே வராது. போனில் கத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு, தன்னை மட்டும் ஒதுக்கிவிட்டார்களோ என்ற சந்தேகம்தான் பெரிது. உங்களிடம் ஒருவர் கத்தும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லுங்கள். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டு அப்படிச் சொன்னால் குரலிலேயே தெரிந்துவிடும்.

உண்மையாக இருந்ததா என்பதற்கும் அன்றைக்கே சோதனை வந்தது. "சார், ஒரு அன்லிமிடெட்டு மட்டும் பாக்கி கீது" என்றான் பாஸ்கர்.

"யாரு?"

"உங்க வூடு சார்."

சார் ஃபேனைப் பார்த்தார். சாரின் மனைவி, எங்கள் மேடம், மத்தியானங்களில் அமெரிக்காவில் இருக்கும் தங்கையோடு நெட்டில் எழுதி எழுதிப் பேசிக்கொண்டிருப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.  பிறகு சாரே, "அதுவும் அன்லிமிடெட்தானே" என்றார். பாஸ்கர் கட் பண்ணினான். சார் உடனே கை கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

போன் அடித்தது. மேடம். நான் மைக் ராகத்தில் முழுவதும் சொல்லி முடித்தேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"சார் அங்கதான் இருக்காரா எஸ்தர்?"

"இருக்கார் மேடம். கை கழுவப் போயிருக்கார்."

"கழுவட்டும். இன்னைக்கு அவருக்கு வீட்ல சாப்பாடு இல்லன்னு சொல்லு. யார் சிபாரிசும் எடுக்க மாட்டேன்னும் சேத்து சொல்லிடு."

சொன்னேன்.  என் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு முன்பே சென்டர்காரர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். பாஸ்கர் அவர்கள் பெயர்களைத் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஏர்பேடு வந்தது, புத்தூர் வந்தது. லைன் அறுந்துபோகாமல் நின்றது. டிராயிங் மாஸ்டர் தன் நேரத்துக்கு முயற்சி செய்திருப்பார். அவர் மட்டும் போன் செய்து கேட்கவே இல்லை.

ஆறு மணிக்குக் கோமளா கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். பட்டாசு வேறு.

"எவ்ளோ பேரு பாஸுக்கா?" என்று கேட்டேன்.

"அத யாரு எண்ணிக்கினு கீறது? ஒண்ணு அழுவுது, ஒண்ணு சிரிக்குது. ஃபெயிலான பையன் ஒருத்தன், மெஷின் தப்புன்னு சொல்லிக்கினு மூணாவது தடவையா வரிசைல வந்து நிக்கிறான். வெச்சிடறேன், ஜனம் கீது." ஹைதராபாத் கம்பெனியைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அன்று ஏழு மணிக்குப் பூட்டைத் திறப்பதற்கு முன் சார் எங்களைக் கூப்பிட்டார். நாளையிலிருந்து அன்லிமிடெட் இரவு பத்து முதல் காலை ஆறு வரைதான், பகலில் வேண்டும் என்றால் எல்லாரும் மணிக்கணக்குத்தான் என்றார். பாஸ்கர் டிராயரைக் காட்டி, "இந்த லெட்டருங்கள இன்னா பண்றது சார்?" என்று கேட்டான். "அவங்களுக்கும் அதான்" என்றார் சார். ஒவ்வொருத்தரிடமும் சொல்கிற வேலை என்னுடையது. அன்று மாலையே சொல்ல ஆரம்பித்தேன். சிலர் திட்டினார்கள். சிலர், ஹைதராபாத் கம்பெனியில் இந்தத் தொல்லை எல்லாம் இல்லை என்றார்கள். எல்லாருக்கும் ஒன்றே என்று சொல்ல முடிந்ததால் எனக்குக் குரல் நடுங்கவில்லை.

மறுநாள் ஹைதராபாத் கம்பெனி தன் அன்லிமிடெட் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள் பெரும்பாலும் துண்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். சென்டர்காரர்கள் எங்களோடேயே இருந்தார்கள்.